சுவரில் இல்லாத மாடு

கண்டி நகரில் பழம்பொருட்கள் விற்கும் கடையொன்றில் சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். கறுத்துப்போன மரச்சட்டத்துக்குள் ஓர் ஆங்கிலேயக் காளை. தலை சிறியது, கால்கள் குச்சிகள், உடம்போ நான்கு மூலையுள்ள ஒரு பெட்டகம். பின்னால் ஒரு வேலி, வேலிக்கு அருகே இரண்டு கோழிகள், தூரத்தில் வைக்கோற்போர். யாரோ ஒரு தோட்டத் துரையின் பங்களாவிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். வரைந்தவர் யார் என்று கேட்டேன். "அது தெரியாது சேர், ஆனா நல்ல பழசு" என்றார். அவர் சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டவாக இருந்ததால் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் அந்தக் காளை என்னை விடவில்லை. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்கடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இப்படியான படங்கள் ஏராளமாக வரையப்பட்டன. கால்நடை இனவிருத்தி அங்கு பெரும் தொழிலாக வளர்ந்த காலம் அது. பணக்காரப் பண்ணைக்காரன் தன் மனைவி மக்களைப் படமெழுதுவிப்பது போலவே தன் காளையையும் படமெழுதுவித்தான். 1796 இல் பிறந்த 'டர்ஹாம் காளை' என்ற ஒரு விலங்கு, தனக்கென்று செய்யப்பட்ட வண்டியில் ஊரூராகக் காட்சிக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஜோன் போல்ட்பீ வரைந்த அதன் உருவம் 1802 இல் அச்சாகி ஆயிரக்கணக்கில் விற்றது. உடம்பு பெட்டகம் போலிருப்பதற்கும் காரணமுண்டு. கொழுப்பு அதிகமாக இருந்தால் மதிப்பு அதிகம்; ஆகவே இல்லாத கொழுப்பையும் ஓவியன் சேர்த்து வரைய வேண்டும். மரச்செதுக்கு ஓவியரான தோமஸ் பீவிக், அப்படி இல்லாத சதையை ஒட்டவைக்கும்படி தன்னைக் கேட்டார்கள் என்றும் தான் மறுத்துவிட்டதாகவும் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் மறுத்தார், மறுக்காதவர்களின் படங்களே சுவர்களில் தொங்கின.

இவற்றைப் பெரிய கலை என்று நான் சொல்லமாட்டேன். 1647 இல் ஒல்லாந்து ஓவியர் பௌலுஸ் பொட்டர் ஓர் இளங்காளையை ஏறத்தாழ உயிருள்ள அளவிலேயே வரைந்தார். ஈயும் சாணமும் கூட இருக்கின்ற அந்தப் படத்தின் அச்சுப்பிரதியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆங்கிலேயப் பெட்டகக் காளைகள் சிரிப்பைத்தான் தரும். ஆனாலும் இவற்றில் ஒன்றை மறுக்க முடியாது. ஒரு சமூகம் தன்னைச் சுமந்த விலங்கை முன்னிறுத்தி, அதற்குப் பெயர் எழுதி, சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறது. எமது பக்கத்தில் அப்படி ஒன்று உண்டா என்ற கேள்வியோடுதான் நான் தெகல்தொருவைக்குத் திரும்பப் போனேன்.

திரும்ப என்று சொல்வதற்குக் காரணம், சித்திரம் படிப்பிக்கும் எவருக்கும் தெகல்தொருவை புதிதல்ல. கண்டிக் காலச் சுவரோவியம் என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அது. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் மனனமாக்கிய குறிப்பு இன்றும் நினைவிலுண்டு: சிவப்புப் பின்னணி, நீண்ட பட்டிகள், தொடர்கதை முறை, ஒளியும் நிழலும் இல்லை, வெற்றிடத்தை நிரப்பும் மலர்கள். இதைத்தான் நானும் பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். குறிப்பில் பிழையில்லை. ஆனால் குறிப்பை எழுதிக்கொடுத்த பின் படத்தைப் பார்க்கச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

குண்டசாலைக்கு அண்மையில் அமுனுகமவில், ஒரு பெரும்பாறையைக் குடைந்து அமைந்த குகை விகாரை அது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கி, அவனுடைய தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவேறியது. இருவரும் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியினர் என்பது எமது வாசகர்களுக்குத் தெரிந்ததே. அதாவது, ஆங்கிலேயப் பண்ணைக்காரன் தன் காளைகளைக் கொழுக்கவைத்துக்கொண்டிருந்த அதே தசாப்தங்களில் இங்கு தேவரகம்பொல சில்வத்தென உன்னான்சேயும் கூடவிருந்த ஓவியர்களும் சுவரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் இவர்களது தொழில்முறை விரிவாகப் பதிவாகியுள்ளது. வெள்ளைக்கு மக்குல் என்னும் வெண்களிமண், சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரமும் கொக்கட்டு மரத்தின் பாலும், கறுப்புக்கு விளக்குக்கரி, ஒட்டுவதற்கு விளாம்பிசின். தூரிகை ஒருவகைப் புல்லின் கூர், அல்லது அணிலின் வால்மயிர்.  அவர்கள் ஊரிலிருந்தும் காட்டிலிருந்தும் எடுத்த பொருட்கள் பலவும் அந்தச் சுவரில் இருக்கின்றன. ஆகவே ஊரே அங்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறல்ல.

இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. அங்கு நீளமாகச் சொல்லப்படும் கதை வெஸ்ஸந்தர ஜாதகம். கேட்டதையெல்லாம் கொடுக்கும் அரசகுமாரன், மழை தரும் வெள்ளை யானையையும் அயல்நாட்டாருக்குக் கொடுத்துவிடுகிறான். மக்கள் சினந்து அவனை நாடு கடத்துகிறார்கள். போகும் வழியில் தேரின் குதிரைகளையும் கேட்கிறார்கள், கொடுக்கிறான். உடனே தேவர்கள் செந்நிற மான்களாக வந்து தேரை இழுக்கிறார்கள். பிறகு தேரையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கடைசியில் பிள்ளைகளையும் ஒரு கிழட்டுப் பிராமணனுக்குக் கொடுக்கிறான். இக்கதை நடப்பது எங்கோ வட இந்தியாவில். ஆனால் சுவரிலுள்ளவர்கள் கண்டி அரசவையின் உடையை உடுத்தியிருக்கிறார்கள், ஆபரணமும் கண்டியினதே, வீடுகளின் கூரையும் எமது மலைநாட்டுக் கூரைதான்.

இந்த இடத்தில் எனக்கு உமறுப் புலவர் நினைவுக்கு வருகிறார். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அறபு நாட்டில் ஆறு பெருக்கெடுக்கிறது, வயல் விளைகிறது. பாலைவனத்தில் நெல்லா என்று கேட்பவன் காவியத்தை வாசிக்கத் தெரியாதவன் என்று எமக்குச் சொல்லித் தந்தார்கள். தான் அறிந்த நாட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தான் நேசித்த நாட்டில் வைத்தார் உமறு. சில்வத்தென உன்னான்சே செய்ததும் அதுவே. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பின்னாக, பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இருந்துகொண்டு, ஒரே உபாயத்தை ஒருவர் சொல்லாலும் மற்றவர் நிறத்தாலும் கையாண்டிருக்கிறார்கள். தேரிழுக்கும் அந்த மான்களைப் பார்க்கும்போது, நபிகளார் (ஸல்) மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் படித்த ஒருவனுக்கு அந்நியம் தோன்றாது. எமது மாணவர்களை இந்தச் சுவருக்கு முன் அழைத்துச் செல்லத் தயங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஓவியத்தின் திறனையும் சொல்லவேண்டும். யானையின் உடலுக்கு நிழல் கிடையாது. ஒரே கோடு நெற்றியில் தொடங்கித் துதிக்கை வழியே இறங்கி வயிற்றைச் சுற்றி வருகிறது. அந்தக் கோட்டின் உறுதியிலேயே யானையின் பாரம் தெரிகிறது. மரங்களில் இலைகள் தனித்தனியாக நிற்கின்றன, எண்ணிவிடலாம் போலிருக்கும். ஆங்கிலேயக் காளைக்காரனுக்குக் கொழுப்பைக் காட்ட எத்தனை பூச்சு தேவைப்பட்டது! இங்கு கோடொன்றே போதுமாயிருக்கிறது.

ஆனால் மாடு?

நான் அழைத்துச் சென்ற தரம் பத்து மாணவர்களில் ஒருவன்தான் முதலில் கேட்டான். விலங்குகளின் பெயர்களைக் கொப்பியில் எழுதச் சொல்லியிருந்தேன். யானை, குதிரை, மான் என்று எழுதிக்கொண்டு வந்தவன், "சேர், மூட்டை தூக்கிற மாடு எங்க? நீங்கதானே அரசர்ட காலத்தில எல்லாச் சாமானும் மாட்டில வந்த எண்டு சரித்திரப் பாடத்தில சொன்னீங்க" என்றான். நாங்கள் எல்லோரும் தேடினோம். எங்கள் கண்ணுக்குப் பொதிமாடு ஒன்றும் அகப்படவில்லை. அதன் பின் நான் தனியாகச் சென்று பார்த்த வேறு விகாரைகளிலும் அகப்படவில்லை. ஹாரிஸ்பத்துவ மெதவலையிலுள்ள, கல்தூண்களின் மேல் நிற்கும் சின்னஞ்சிறு விகாரையும் அவற்றுள் ஒன்று. (மடவளை பஸார் என்று நினைத்துப் போய்விட வேண்டாம், இது வேறு ஊர். நான் ஒரு தடவை மாறி இறங்கியவன்.)

இந்த இன்மை சாதாரணமானதல்ல. கண்டி இராச்சியத்தின் பாதைகள் வேண்டுமென்றே ஒடுக்கமாக வைக்கப்பட்டவை. எதிரியின் பீரங்கி ஏறிவிடக்கூடாது என்பது அரசர்களின் எண்ணம். அந்தப் பாதைகளில் வண்டி ஓடாது. ஆகவே மலைக்கு மேலே வந்த உப்பும் கருவாடும் துணியும், மலையிலிருந்து இறங்கிய பாக்கும், முதுகின் இருபுறமும் பொதி தொங்கவிட்ட மாடுகளில்தான் போயின. அந்த மாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். கொத்மலைப் பக்கத்துத் தவலந்தென்ன என்ற ஊர்ப்பெயரில் அது இன்னும் நிற்கிறது. 1766 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகு, ஒரு மூட்டை உப்பு என்பது இராச்சியத்தின் உயிர்ப் பிரச்சினை. இந்தப் போக்குவரத்துக்கென்றே அரசில் மடிகே பத்த என்ற திணைக்களம் இருந்தது. அதில் பெரும்பான்மையாகச் சேவை செய்தவர்கள் முஸ்லிம்கள். பேராசிரியை லோர்னா தேவராஜா 1994 இல் வெளியிட்ட தம் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இனி ஓவியத்தைப் பாருங்கள். சில்வத்தென உன்னான்சே குதிரை பூட்டிய தேரை வரைந்தார். அப்படியொரு தேர் கண்டியின் மலைப்பாதையில் பயணம் போனதை அவர் கண்டிருக்க நியாயமில்லை. தவளத்தையோ அவர் காணாத மாதமே இருந்திராது. அவருடைய சோற்றுக்குப் போட்ட உப்பு அதில்தான் வந்தது. காணாத தேர் சுவரில் இருக்கிறது. கண்ட மாடு இல்லை.

இதற்கு அவரைக் குற்றம் சொல்வதா? நான் சொல்லமாட்டேன். அவருக்குச் சுவர் தரப்பட்டது ஊரை வரைவதற்கல்ல, கதையை வரைவதற்கு. கதைக்குத் தேவையான விலங்கே உள்ளே வர முடியும். ஜாதகக் கதைகளில் மாடு இல்லாமலுமில்லை. நந்திவிசால என்ற காளை, வைதபோது நூறு வண்டிகளை அசைக்கவும் மறுத்து, அன்பாகப் பேசியபோது அவற்றை இழுத்துக் காட்டியது என்று ஒரு கதை உண்டு. ஆனால் கொடையைப் பெருமைப்படுத்த விரும்பிய அரசர்களுக்கும் விகாரைகளுக்கும் வெஸ்ஸந்தரவே வேண்டியிருந்தது. உழைப்பைப் பற்றிய கதையைவிடக் கொடையைப் பற்றிய கதைக்குச் சுவர் எளிதாகக் கிடைக்கும்.

கண்டி நாட்டில் மாடு வேலை செய்யும் காட்சி அச்சில் வந்ததற்கு ஓர் ஆங்கிலேயக் கைதி காரணமாகிறான். 1660 இல் பிடிபட்டு 1679 இல் தப்பிய றொபர்ட் நொக்ஸ், உடுநுவரைப் பக்கம் எலதெத்தவில் நெடுங்காலம் குடியிருந்தவன். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலில் உழுவதும் சூடு மிதிப்பதும் படங்களாக இருக்கின்றன. படம் செதுக்கியவர்கள் இலங்கையைக் காணாதவர்கள். அதனால் மனிதர்களின் உடற்கட்டு ஐரோப்பியரது போலிருக்கிறது. ஆனாலும் மாடு வேலை செய்கிறது. பின்னர் கோப்பிக் காலத்தில் தெருக்கள் வந்தன, மாட்டுவண்டிகள் வந்தன, 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. வண்டிமாடு துரைமாரின் அஞ்சலட்டைகளில் அழகுப் பொருளானது. இன்று உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் பற்றிக் துணிகளில் இருப்பதும் அந்த அஞ்சலட்டை மாடுதான். பொதிமாடோ அஞ்சலட்டைக் காலத்துக்கு முன்பே பின்தள்ளப்பட்டுவிட்டது.

அடுத்த கேள்வி எம்மை நோக்கியது. அவர்கள் வரையவில்லை, நாங்கள் வரைந்தோமா?

உருவம் வரைவது பற்றிய மார்க்கச் சட்டத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் முஸ்லிம் உலகில் கிராமமும் கால்நடையும் படமாகவே இல்லை என்று யாரேனும் சொன்னால் அது வரலாற்றுப் பிழை. அல்ஹரீரியின் மகாமாத் நூலுக்கு யஹ்யா இப்னு மஹ்மூத் அல்வாஸிதி 1237 இல் வரைந்த படங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. அதில் ஒரு கிராமம் வருகிறது. ஒட்டகத்தில் வந்த இருவர் ஊரெல்லையில் நின்று விசாரிக்கிறார்கள். பின்னால் பள்ளிவாசலின் குவிமாடமும் மினாராவும்; நூல் நூற்கும் ஒரு பெண்; ஆடுகள், ஒரு பசு, கூரையில் கோழி. பயணிகளுக்குக் கொடுத்த அதே கவனத்தை அவர் கோழிக்கும் கொடுத்திருக்கிறார். இன்னொரு பக்கத்தில் ஒட்டகக் கூட்டம் ஒன்று. கழுத்துகளும் கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓர் எழுத்தணி போல அடுக்கப்பட்டிருக்கும். என் பார்வையில், தெகல்தொருவையின் யானைக்கோட்டுக்கு உலகில் இணை தேடினால் இந்த ஒட்டகக் கழுத்துகளைச் சொல்லலாம். கதை கேட்டதைவிட அதிகமாக வாஸிதி வரைந்தார். சில்வத்தென உன்னான்சே கதை கேட்ட அளவில் நின்றுகொண்டார். இருவருக்கும் இடையில் நான் காணும் வித்தியாசம் இதுதான்.

தூரிகை எமக்கில்லை என்றால், எழுத்து இருந்தது. கண்டி மண் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரைத் தந்த மண். அந்த மரபில் வந்த நாங்கள் உரைநடையிலே என்ன செய்தோம்? நான் படித்தவரையில், மலைநாட்டு முஸ்லிம்களைப் பற்றிய எமது சிறுகதைகளில் கடை வருகிறது, சீதனம் வருகிறது, வெளிநாட்டுப் பயணம் வருகிறது. தவளம் வருவதில்லை. வரலாற்றுக் கட்டுரைகளில் அறபுக் கப்பலிலிருந்து இறங்கி நேரே கண்டிக் கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறோம். இடையில் நீண்ட மலைப்பாதையும் ஒரு விலங்கின் முதுகும் இருந்ததை மறந்துபோகிறோம். கப்பல் கௌரவமாக இருக்கிறது. மாடு அவ்வளவு கௌரவமாக இல்லைப் போலும். சூரத்துந் நஹ்லின் தொடக்கத்தில், கால்நடைகள் காலையில் மேயப் போவதிலும் மாலையில் திரும்புவதிலும் உள்ள அழகும், அவை எமது சுமையைத் தூர ஊர்களுக்குச் சுமப்பதும் அருளாக எண்ணப்படுகின்றன. அழகும் சுமையும் அங்கு பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதை ஓதிக்கொண்டே நாங்கள் பொதிமாட்டை எழுதாமல் விட்டோம்.

இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்கமாட்டேன். 2013 மே மாதம் வெசாக் நாளில், மாடறுப்பை எதிர்த்து ஒரு பிக்கு தலதா மாளிகைக்கு முன்னால் தன்னுடலில் தீமூட்டிக்கொண்டார், மறுநாள் இறந்துபோனார். 2018 மார்ச்சில், தெகல்தொருவைக்கு நாங்கள் பஸ்ஸில் போகும் அதே பிரதேசத்தில், திகனையிலும் தெல்தெனியாவிலும் எமது கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அதற்கான காரணங்கள் வேறு, பல. ஆனால் முஸ்லிம் என்ற சொல்லையும் மாடு என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்தால் இந்நாட்டில் எல்லோர் மனதிலும் எழும் படம் இன்று ஒன்றே ஒன்றுதான்: கத்தி. எமது பிள்ளைகள் மனதிலும் அதுவே. அந்தப் படத்துக்கு எதிரில் வைக்க எம்மிடம் வேறு படம் இல்லை. முந்நூறு வருடம் ஒரே பாதையில், ஒரே மழையில், மணியோசைக்குப் பின்னால் நடந்த மனிதனும் மாடும் எந்தச் சுவரிலும் இல்லை, எந்தக் கதையிலும் இல்லை. அறிக்கைகளால் அந்த இடத்தை நிரப்பப் பார்க்கிறோம். அறிக்கையை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

பெருமையை மட்டும் வரையச் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். அந்த மாட்டின் முதுகுப் புண்ணையும் வரையத்தான் வேண்டும். வெல்லஸ்ஸவில் ஆங்கிலேயர் ஒரு முஸ்லிமை மடிகே முகாந்திரமாக்கியது 1817 இல் வெடித்த கிளர்ச்சியோடு எப்படிப் பின்னிக்கொண்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும். கொழுப்பை ஒட்டவைக்க மறுத்த பீவிக்கை இதற்காகவே மேலே குறிப்பிட்டேன்.

தவணை விடுமுறைக்கு முன் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: தெகல்தொருவையின் முறையில், சிவப்புப் பின்னணியில், ஒரு நீண்ட பட்டியில் தவளம் ஒன்றை வரையுங்கள். வழக்கமாகக் 'கிராமியக் காட்சி' என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், தென்னைமரம் என்று வந்துவிடும்; இம்முறை அப்படி வரவில்லை. கேள்வி கேட்ட மாணவன் ஐந்து மாடுகளை வரைந்திருந்தான். கூட நடக்கும் மனிதனின் முகம் பொதிக்குப் பின்னால் மறைந்திருந்தது. வேண்டுமென்றே மறைத்தாயா, முகம் வரைய வராமலா என்று கேட்டேன், சிரித்தான். விடுமுறை முடிந்து வந்தபோது பொதிகளை அழித்து மீண்டும் வரைந்திருந்தான். வீட்டில் அவனுடைய உம்மும்மா படத்தைப் பார்த்துவிட்டு, தன் வாப்பா சொல்லக் கேட்டதென்று, "ஒரு பக்கம் பெரிசாயும் மத்தப் பக்கம் சின்னதாயும் கட்டினா மாடு ஏத்தத்தில விழுந்திடும் மகன், ரெண்டும் சமனா இரிக்கணும்" என்று சொன்னாராம். கழுத்தில் மணி இல்லையே என்றும் கேட்டாராம். மணியையும் வரைந்திருந்தான், ஐந்துக்கும்.